உறைக்குள் இருந்த குதிரை

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் துலுக்கானம் ஸ்டவ் மேசையின் காலுக்கு அடியில் ஒரு தாளை எட்டாக மடித்துச் செருகினான். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அவன் மனைவி சொர்ணம் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கும்போதெல்லாம் அது நொண்டும். பால் பொங்காமலேயே சிந்தும். மூன்று வருடமாக 'இந்த ஞாயித்துக்கெழம பாக்கறேன்' என்று சொல்லிவந்தவன், அன்றைக்குப் பல்கூடத் துலக்காமல் தரையில் குந்தியிருந்தான்.

"இன்னாய்யா, காலங்காத்தால மேசைக்குப் பூசை போட்டுகினு கீற?"

"நொண்டுதே, பாக்கல? இப்ப பம்ப் அடி."

சொர்ணம் அடித்தாள். மேசை அசையவில்லை.

"அது இன்னா தாளு?"

"சனிக்கெழம செஸ் ஆட்டம். எழுதிகினு வந்தேன்ல, அது."

"அடப்பாவி. நாளைக்கு மிச்ச ஆட்டம் கீதே, வோணாமா?"

"மிச்சம் இன்னாமே கீது? எழுதிக் கவர்ல போட்டு ஒட்டியாச்சு. நாளைக்குப் போயி நம்ம வூட்டு ஆட்டத்த ஆடிட்டு வர வேண்டியதுதான். ரவ சக்கர தூக்கலா போடு."

டீயைக் குடித்தான். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைக் கேரியரில் வைத்துக் கட்டி, அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாக அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். ஆறரை மணி ஷிப்ட்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு, பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி அறுந்தது. அதில் தொங்கியது தகடு வெட்டும் அச்சு. டை என்பார்கள். அறுநூறு கிலோ. டையை இயந்திரத்தில் பொருத்துவதுதான் துலுக்கானத்தின் வேலை. தொங்கும் டையைக் கைகொடுத்துத் திருப்பாமல் எவனாலும் அதைப் பொருத்த முடியாது. அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் நீண்டிருந்தது. அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, மாற்ற வேண்டும் என்று அவன் மூன்று முறை சொல்லியிருந்தான். மூன்றாவது முறை சொல்லும்போது தேவராஜ் பக்கத்தில் நின்றிருந்தான். தேவராஜ் அவனோடு அதே பிரிவில் வேலை செய்தவன்; அவனை அண்ணாத்தே என்றும் சொர்ணத்தை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். வட்டம் போட்ட அந்த வளையத்தில்தான் அறுந்தது என்று தேவராஜ்தான் சொர்ணத்திடம் வந்து சொன்னான்.

அந்த வாரம் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம். வாசல் முழுக்கப் பச்சைக் கொடி.

1987 மார்ச். அதற்குப் பிறகு பதினாறு நாள் சொர்ணத்தின் வீட்டில் என்னென்ன நடந்ததோ அதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அழுதவர்கள் அழுதார்கள். துலுக்கானத்தின் தாய் வேம்புலியம்மாள் நூம்பலிலிருந்து வந்து, யார் என்ன கேட்டாலும், "எம்புள்ள இன்னா பண்ணான்?" என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொர்ணம் அழுததை விடப் பல்லைக் கடித்ததுதான் அதிகம். தாடை வலித்து, இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தாள்.

பதினேழாம் நாள் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. அவனுடைய பெட்டியில் இருந்த பொருட்களையும் சைக்கிளையும் வந்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

முதல் ஷிப்ட் முடியும் மூன்று மணிக்கு அவள் போனாள். எஸ்டேட் அவளுக்குப் புதிதல்ல. இரண்டு தெரு தள்ளி ஒரு காயில் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். ஒரு காயிலுக்கு எத்தனை சுற்றோ அத்தனை சுற்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் குப்பைக்குப் போகும். பக்கத்தில் இருப்பவளோடு சினிமாக் கதை பேசிக்கொண்டே எண்ணுவாள். கணக்குத் தப்பாது.

அவளைக் கேன்டீனில் உட்காரவைத்தார்கள். மேசைமேல் அவன் சட்டை ஒன்று, துண்டு, சோப்பு டப்பா, சாப்பாட்டு டப்பா. டப்பாவைக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். எதிரே பாதுகாப்பு அதிகாரி குணசேகரன் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. டைம் ஆபீஸ் உலகநாதன் ஒரு காகிதக் கட்டோடு பக்கத்தில் நின்றான். தொழிலாளர் மன்றத்துச் செயலாளரும் அவன்தான். விளையாட்டுப் போட்டிகளை நடத்துகிறவன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பொருளெல்லாம் வாங்கிக்கிட்டதுக்கு. அதோட விசாரணை அறிக்கை நகல் ஒண்ணும் இருக்கு, அதையும் வாங்கிக்கிட்டதா போடணும்."

சொர்ணம் பேனாவை வாங்கவில்லை. அறிக்கையை எடுத்துப் படித்தாள். அவள் படிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "அது சும்மா ஆபீஸ் பாஷைம்மா" என்றார்.

இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'மறுநாள் தொடர வேண்டிய சதுரங்க ஆட்டத்தில் தோல்வி நிலையில் இருந்த தொழிலாளி, அது குறித்த கவலையில் கவனம் சிதறி, தொங்கும் பாரத்தின் கீழ் நின்றதே விபத்துக்குக் காரணம்.'"

கைகழுவும் இடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முதல் பக்கத்தை மறுபடி படித்தாள். மூன்றாம் பக்கத்தையும் படித்தாள். சங்கிலி என்ற சொல் எங்கேயும் இல்லை.

"தோல்வி நெலையா? யார் சொன்னது?"

"நான்தாம்மா அவர்கூட ஆடினேன். ஃபைனல். எனக்குத் தெரியாதா?" குணசேகரன் குரலைத் தாழ்த்தினார். அவர் கல்லூரி நாட்களில் மாநிலப் போட்டிகளில் ஆடியவர். நான்கு வருடமாக மன்றத்துக் கோப்பை அவர் மேசையிலிருந்து நகரவில்லை. "நல்லா ஆடினார். கடைசியில தோத்துட்டார். அது மனசுல ஓடியிருக்கும். மூணு நாளா அதையே நெனச்சிக்கிட்டு இருந்திருப்பார். மனுஷ இயல்புதானேம்மா?"

மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் அந்தத் தாளை மேசைக்கு முட்டுக் கொடுத்தான். சனிக்கிழமை ராத்திரி குறட்டைவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எறா வாங்கிவந்து தானே உரித்தான். போர்டைக் கையால் தொடவில்லை. இதையெல்லாம் யார் அவளிடம் வந்து கேட்டார்கள்? விசாரணை என்றால் கேட்பது அல்லவா? அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

"ஒட்டின கவர் எங்க?" என்று உலகநாதனைக் கேட்டாள்.

உலகநாதன் அதிகாரியைப் பார்த்தான்.

நேரம் முடிந்து ஆட்டம் பாதியில் நின்றால், யார் ஆட வேண்டியிருக்கிறதோ அவர் தன் அடுத்த ஆட்டத்தை, அதாவது அடுத்த காய் நகர்த்தலை, பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உட்காரும்போதுதான் பிரிப்பார்கள். இது புத்தகச் சட்டம். துலுக்கானம் ஒட்டிக் கொடுத்த உறை டைம் ஆபீஸ் பீரோவில் இருந்தது.

"அதெல்லாம் இனிமே எதுக்கும்மா?" என்றார் குணசேகரன். "அதுல என்ன இருக்கும்னு சொல்லட்டுமா? சிப்பாயை ராணி ஆக்கியிருப்பார். எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. பண்ணினா அடுத்த ஆட்டத்துலயே முடிஞ்சிது."

"அப்பிடின்னா தொறந்து காட்டுங்க."

"அண்ணி கேக்குறாங்க இல்ல, எட்த்தாய்யா உலகநாதா!" தேவராஜ் எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் முதல் ஷிப்ட் ஆட்கள் முப்பது நாற்பது பேர். வீட்டுக்குக் கிளம்பியவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுவிட்டார்கள்.

உறை வந்தது. உலகநாதன் சனிக்கிழமை நிலையைப் பலகையில் அடுக்கினான். அடுக்க அதிகம் இல்லை. குணசேகரனிடம் வெள்ளை ராஜாவும் ஒரு யானையும். துலுக்கானத்திடம் கறுப்பு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் குதிரை வரிசையில் இறங்கி, கடைசிக் கட்டத்துக்கு ஓரடி தள்ளி நின்றது. கறுப்பு ராஜா கடைசி வரிசையில், வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே, சுவரோடு ஒட்டி நின்றார். சிப்பாயை ராணி ஆக்கினால் யானை ஒரே எட்டில் அந்தக் கடைசி வரிசைக்கு வந்து ராஜாவைப் பிடித்துவிடும். ராணி பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

உலகநாதன் உறையைக் கிழித்தான். தாளைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"சார், குதிரைன்னு எழுதிகீறான். தப்பா எழுதிட்டான் போல."

யாரோ சிரித்தார்கள். குணசேகரன் சிரிக்கவில்லை. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர் சொல்லுவாரே, அந்தப் பாரிவாக்கத்து ஆட்டமா இது?" என்றார் மெல்ல. "கிராமத்துல அப்படி ஒரு சட்டம் வச்சிருப்பாங்க. சிப்பாய் எந்த வரிசையில போய்ச் சேருதோ அந்தக் காயாத்தான் ஆகும்னு. அந்தப் பழக்கத்துல எழுதியிருக்கார்."

பாரிவாக்கம் சொர்ணம் பிறந்த ஊர். அந்தச் சட்டமும் அவள் கொண்டுவந்ததுதான். அண்ணன்மாரோடு ஆடிப் பழகியவள். கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி மழையில், வேலைக்குப் போக முடியாத ஒரு நாள், தரையில் கட்டம் கிழித்துத் துலுக்கானத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். புத்தகச் சட்டத்தை அவன் பிறகு தொழிற்சாலையில் கற்றுவந்தான். "சிப்பாய் எதுவா வோணா ஆவலாமாம்மே" என்றான். "அதெப்பிடி? எந்த வூட்டுக்குப் போயி சேந்துதோ அந்த வூட்டுப் பேர்தான் அதுக்கு. நான் வரல?" என்றாள் அவள். அவன் சிரித்துச் சிரித்து இருமினான். அன்றிலிருந்து தொழிற்சாலையில் புத்தகச் சட்டம், வீட்டில் வீட்டுச் சட்டம்.

ஆகையால் அவர்கள் வீட்டில் சிப்பாய்கள் கண்ட இடத்தில் குதிரையாயின. யானையை வைத்துக்கொண்டு ஒருவர் துரத்துவதும், ராஜாவையும் குதிரையையும் வைத்துக்கொண்டு மற்றவர் சாகாமல் நிற்பதும் எத்தனை சாயங்காலம்! யானை பெரும்பாலும் அவனுடையது. நிற்கிறவள் அவள். சோறு ஆறிப்போகும், அவள் நின்றுகொண்டிருப்பாள். அவனுக்கு எரிச்சல் வரும். "செத்துத் தொலையேம்மே" என்பான்.

"தப்பா எழுதல," என்றாள் சொர்ணம். "அவரு எதையும் தப்பா எழுதல. நீங்கதான் எழுதிகீறீங்க. தோத்த ஆட்டம்னா தோக்கடிச்சிக் காட்டுங்க. அவரு எடத்துல நான் குந்தறேன்."

குணசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எழுந்து போக முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யானை என்கிட்ட, குதிரை உங்ககிட்ட. ஐம்பது ஆட்டத்துக்குள்ள நான் ஜெயிக்கலைன்னா டிரா. அதுதான் சட்டம். தெரியுமா?"

"தெரியும். ஜெயிக்கலைன்னா அந்த வரிய அடிப்பீங்களா?"

"அம்மா..."

"அடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"சரி." அவர் லேசாகச் சிரித்தார். "ஐம்பது தாக்குப் பிடிங்க. நானே என் கையால அடிக்கறேன்."

உலகநாதன் சிப்பாயை எடுத்துவிட்டு, அதற்கு அடுத்த கடைசிக் கட்டத்தில் கறுப்புக் குதிரையை வைத்தான். வைத்ததுமே அது வெள்ளை ராஜாவுக்குச் செக். கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

முதல் பத்து ஆட்டம் வேகமாகப் போனது. குணசேகரன் தன் தாளில் ஒவ்வோர் ஆட்டத்தையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். சொர்ணம் எழுதவில்லை. எண்ணிக்கொண்டாள். யானை வந்து குதிரையை மிரட்டும். குதிரை ராஜாவின் மடிக்குத் திரும்பும். ராஜா முன்னால் வருவார். குதிரை செக் வைத்து விரட்டும். இந்த ஆட்டத்தில் பிழைக்க ஒரே வழிதான் உண்டு. குதிரை ராஜாவை விட்டு விலகக் கூடாது. ராஜா மூலைக்குப் போகக் கூடாது. குதிரை தனியாக அகப்பட்டால் யானை அதை வேலி கட்டிப் பிடித்துவிடும். சொல்வதற்கு அவ்வளவுதான். செய்வதற்குத்தான் ஒவ்வொரு முறையும் உயிர் போகும், ஏனென்றால் எதிரே இருப்பவர் உதைப்பார், இவள் வாங்கிக்கொள்ள வேண்டும்; திருப்பி உதைக்க ஒன்றும் கையில் கிடையாது.

அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எதிரே அந்த மனிதரின் விரல்கள். சுத்தமாக நகம் வெட்டிய விரல்கள். அவை யானையை நகர்த்தும்போது ஓசைகூட வரவில்லை. இந்த விரல்கள்தானே எழுதின, கவலையில் கவனம் சிதறி என்று? இந்த விரல்களுக்கு ஒரு சங்கிலி வாங்க ஒரு தாளில் கையெழுத்துப் போட எத்தனை நேரமாகியிருக்கும்? பலகையோடு தூக்கி அந்த வெள்ளைச் சட்டையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, வலது கையால் குதிரையை நகர்த்தினாள். பதினெட்டு.

"அண்ணி, தண்ணி," என்றான் தேவராஜ்.

"வெச்சிட்டுப் போ."

இருபத்தைந்தைத் தாண்டியதும் குணசேகரன் மெதுவானார். இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முகவாயைத் தடவினார். ராஜாவை ஒரு கட்டம் சுற்றிக் கொண்டுவந்து, யானையைத் தூரத்தில் நிறுத்தி, இவள் நகர்ந்தே ஆக வேண்டிய மாதிரி செய்தார். நல்ல ஆட்டக்காரர். அதை அவள் மறுக்க மாட்டாள். துலுக்கானத்துக்கு இந்த நிதானம் கிடையாது.

முப்பத்தொன்றில் அவர் தலை நிமிர்த்தாமல் பேசினார்.

"நானும் வருத்தப்படறேம்மா. இந்தப் பத்து வருஷத்துல என் பொறுப்புல நடந்த மொத சாவு இது. அவர் கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா இன்னைக்கு..."

தள்ளி நின்றிருந்தால். அறுநூறு கிலோ டையைத் தள்ளி நின்று திருப்பிக் காட்டட்டும் இந்த ஆள். சொர்ணத்தின் கை அவளைக் கேட்காமல் எழுந்தது. குதிரையை எடுத்து ஓங்கி ஒரு செக் வைத்தாள். பலகை அதிர்ந்தது. கூட்டம் "அப்பிடிப் போடு!" என்றது.

வைத்த கையை எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. குதிரை ராஜாவை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டது.

குணசேகரன் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினார். அவ்வளவுதான். யானை ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம். குதிரை திரும்பிவரும் வழிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அடைபட்டன. அந்த ஒன்றையும் அவர் அடுத்ததில் அடைக்கலாம். வீட்டில் இப்படி நடந்தால் துலுக்கானம் கையைத் தட்டி, "கோவத்துல குதிர வூட்ட வுட்டு ஓடிப்போச்சு டோய்!" என்று தெருவே கேட்கக் கத்துவான். அப்புறம் அவள் தலையில் ஒரு தட்டு தட்டுவான். "கோவம் ராஜா கிட்ட இருக்கட்டும்மே. குதிரைக்கு எதுக்கு?"

அவள் கோபத்தை விடவில்லை. எங்கே விடுவது அதை? ஆனால் குதிரையிலிருந்து எடுத்துவிட்டாள். ராஜாவை ஒரு கட்டம் குதிரையின் பக்கமாக நடத்தினாள். அது ஒன்றுதான் செய்ய இருந்தது.

இப்போது குணசேகரன் யானையை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் குதிரை செத்திருக்கும். மூன்று மணி ஷிப்ட் உள்ளே போன பிறகும் கேன்டீன் காலியாகவில்லை. நாற்பது பேர் அவர் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. யானையை எடுத்து ராஜாவுக்குச் செக் வைத்தார். பார்க்க அழகான செக். ராஜா இன்னொரு கட்டம் குதிரையை நெருங்கினார். அடுத்ததில் குதிரை வெள்ளை ராஜாவுக்குச் செக் வைத்துக்கொண்டே தன் ராஜாவின் பக்கத்தில் வந்து இறங்கியது.

குணசேகரன் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு வருத்தம் தெரிவிக்கவில்லை.

நாற்பது. நாற்பத்தொன்று. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. சொர்ணத்தின் முதுகில் வேர்வை வழிந்தது. விரல்கள் மட்டும் காயில் சுற்றும் விரல்களாக இருந்தன. யானை வந்தது, குதிரை திரும்பியது. ராஜா வந்தார், குதிரை செக் வைத்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. கடைசியாக யானை நீளமாக ஒரு பாய்ச்சல் பாய்ந்து வந்து நின்றது. அவள் ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"அம்பது," என்றாள்.

உலகநாதன் தொண்டையைச் செருமினான். அவன் கையில் ஒரு சிகரெட் அட்டை. அதில் கோடு கோடாகப் போட்டு எண்ணியிருந்தான். "என் கணக்குல நாப்பத்தாறுதான் ஆவுது. இன்னும் நாலு கீது."

"இன்னாடா டேய், ஜால்ரா!" தேவராஜ் பாய்ந்தான். "யாருக்குத் தட்டற?"

"அம்பது," என்றாள் சொர்ணம் மறுபடி. "எனக்குச் சுத்துக் கணக்குத் தப்பாது."

"வாய்க் கணக்கு செல்லாதும்மா. எய்துன கணக்குதான்..."

"உலகநாதன்." குணசேகரன் கையை உயர்த்தினார். தன் தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். ஒரு முறை. திரும்பவும் ஒரு முறை. பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஐம்பதுதான். டிரா."

நாற்பது பேரும் கத்தினார்கள். சாப்பாட்டு டப்பாக்களை மேசையில் தட்டினார்கள். தேவராஜ் அழுதுவிட்டான். குணசேகரன் தாளின் அடியில் 'டிரா' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவள் பக்கம் நகர்த்தினார். அவர் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். நாற்பத்தாறு என்று சொல்லியிருக்கலாம். எழுதிய தாள் அவர் கையில்தான் இருந்தது.

சொர்ணம் அதைப் பார்த்தாள். இந்த மனிதருக்கு ஆட்டத் தாளில் பொய் எழுத வராது. கட்டம் கட்டமாக, நகர்வு நகர்வாக, தனக்கு எதிராக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவார். மரக்காய் விஷயத்தில் இவ்வளவு யோக்கியம். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்த கோபம் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. பொய் சொல்லவே தெரியாத மனிதர் என்றால் மன்னித்திருப்பாளோ என்னவோ. இவருக்கு உண்மை எழுதத் தெரியும்!

அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அடிங்க."

குணசேகரன் பேனாவை எடுத்தார். அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டே சொன்னார்:

"உங்க திருப்திக்கு அடிச்சிருக்கேம்மா. இது நகல். அசல் போன வாரமே ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போயிடுச்சு. அதுல இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் பக்கத்தின் தலையில் ஊதா மையில் முத்திரை இருந்தது. நகல். அவள் எல்லாவற்றையும் படித்திருந்தாள். அதைப் பார்த்தும் படிக்காமல் விட்டிருந்தாள். அவர் வாயாலும் அதை முதலிலேயே சொல்லியிருந்தார்.

"ஆடறதுக்கு முன்னாலயே தெரியும் உங்களுக்கு," என்றாள்.

அவர் எழுந்தார். கூட்டம் வழிவிட மறுத்தது. தேவராஜ்தான் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான். "வுடுங்கடா, போவட்டும். அண்ணி அந்த ஆள ஒக்கார வெச்சி அடிச்சாச்சு," என்றான். சொர்ணத்துக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் டை பிரிவில் ஒருவனும் செயின் பிளாக்கைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் புதுச் சங்கிலி வந்தது. அறுந்த பழைய சங்கிலி எங்கே போனது என்று கேட்டதற்கு, இரும்புக் கழிவோடு போய்விட்டது என்றார்கள்.

சொர்ணம் அடித்த நகலையும் ஆட்டத் தாளையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்று முறை போனாள். மூன்றாவது முறை ஒருவர் ஆட்டத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, கோலக் கணக்கா?" என்றார். அவள் சொன்னாள். அவர் கேட்டார், கெட்டவர் அல்ல. "ஆட்டத்துல டிரா ஆனதுக்கும் அவரு அங்க நின்னதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்," என்றாள் சொர்ணம்.

நான்கு வருடம் கழித்து நஷ்டஈட்டு வழக்கில் வந்த தீர்ப்பிலும் அந்த வரி இருந்தது, ஒரு சொல் மாறாமல். சங்கிலியைப் பற்றித் தேவராஜ் சொன்ன சாட்சியை 'ஆதாரமில்லை' என்று எழுதியிருந்தார்கள். குணசேகரன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் அம்பத்தூர் ரயில்வே கேட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. ரயில் போகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வருடம்தான் வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்தது. ஸ்டவ்வை எடைக்குப் போட்டாள். காஸ் அடுப்பை அதே மேசைமேல் வைத்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போடுவாள். மேசையை மட்டும் சுற்றி அடிக்கச் சொல்வாள். காலுக்கு அடியில் இருக்கும் தாள் எண்ணெயிலும் புகையிலும் கறுத்துவிட்டது. அது தாள் என்றே இப்போது யாருக்கும் தெரியாது.

மேசை நொண்டுவதில்லை.